இது செங்கல், அது ரத்தம்

பேரணாம்பட்டு தோல்ஷாப்பில் எனக்கு
சாயம் ஒத்துப்பார்க்கும் வேலை.
இத்தாலிக்காரன் அனுப்பிய துண்டு, நம் துண்டு,
ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றா, இல்லையா.

இருபத்தாறில் முதுகு மூங்கிலாகத் தொடங்கியது.
ஷூ லேஸ் கட்ட தம்பி குனிவான்.
பதினைந்து நாளைக்கு ஓர் ஊசி;
மாடிவீட்டு ஃபிரிஜ்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.
மூன்றாம் மாதம் சஜ்தாவில்
நெற்றி தரையைத் தொட்டது.
எழ மனமில்லை.
தூங்கிவிட்டேன் என்று நினைத்தார் பக்கத்துக்காரர்.

பிறகு ஒரு செவ்வாய், கன்னியப்பன் கத்தினான்:
"அஸ்கரு, இது செங்கல், அது ரத்தம்,
எப்படிய்யா ஒண்ணுன்னு கையெழுத்து போட்ட?"

வேலூரில் டாக்டரம்மா
ஒரு மருந்துக்குப்பியின் மூடியைக் காட்டினார்.
வலக்கண்ணுக்குப் பழுத்த மிளகாய்.
இடக்கண்ணுக்கு நூறு தரம் துவைத்த துண்டு.
நரம்பின் மேலுறை உரிகிறதாம்.
ஊசியால் இருக்கலாம், ரொம்ப அபூர்வம், என்றார்.
என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.
உடம்பு சூடானால் இன்னும் மங்கும்,
வெயிலில் அலையாதீங்க.
இதை வேலூரில் வைத்துச் சொல்கிறார்,
மே மாதத்தில்.

ஊசி நின்றது.
மீந்த இரண்டை, "அவ்ளோ காசாச்சே" என்று
மாடிவீட்டு அக்கா இன்னும் எறியவில்லை.

செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தமாகிறது.
முதுகும் திரும்பி வருகிறது, கணுக் கணுவாக.

ஜும்ஆவுக்குப் போனேன்.
கடைசி வரிசையில், நான் கேட்காமலே,
மோதினார் நாற்காலி போட்டிருந்தார்.
பிளாஸ்டிக்.
சிவப்பு.
வலக்கண்ணை மூடிப் பார்த்தேன்.
இடக்கண்ணை மூடிப் பார்த்தேன்.
அதற்குள் இமாம் கையுயர்த்திவிட்டார்.
உட்கார்ந்தேன்.