இறக்குதல்

பிளாஸ்டர் வெட்டிய கை
அவனுடையதுபோல் இல்லை.
ஆறு கிழமை வெயில் காணாத தோல்,
முழங்கைக்கு மேலே ஒரு பள்ளம்.
சுன்னாகம் சந்தையில், லொறியடியில்,
ஐம்பது கிலோ வெங்காய மூட்டையைப்
பிடரியில் வாங்குகிற நிமலரூபன்
மறு கையால் அதைப் பொத்துகிறான்,
ஆரும் பார்த்துவிடக் கூடாதென்பதுபோல.

"இறைச்சி எங்கை மிஸ் போனது?"

எங்கும் போகவில்லை.
நார்கள் எண்ணிக்கையில் அப்படியே,
ஒவ்வொன்றும் மெலிந்திருக்கிறது.
வேலை இல்லாத இடத்தில்
உடம்பு அடுப்பு மூட்டாது.

பெரியாஸ்பத்திரியின் மேல்மாடி.
ஃபேன் தட்டித் தட்டிச் சுற்றுகிறது.
சுவரில் தோலுரித்த மனிதனின் படம்,
அதில் விரல் வைத்துச் சொல்கிறேன்:
தசைக்குத் தள்ளத் தெரியாது.
நீங்கள் தள்ளுவண்டில் தள்ளேக்கையும்
உள்ளே ஒன்று எலும்பை இழுக்குது.
மடக்க ஒன்று, நீட்ட ஒன்று.
ஒன்று இழுத்தால் மற்றது இளக வேணும்.

நாருக்குள் நார், அதற்குள் இழைகள்.
தடித்ததும் மெல்லியதும்
ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழையும்.
எந்த இழையும் குறுகாது,
முழுத் தசையும் குறுகிவிடும்.
நரம்பு தட்ட, கல்சியம் கசிய,
நுண்ணிய தலைகள் பற்றும், வளையும்,
விடும், திரும்பப் பற்றும்.
பற்றியதை விடவும் எரிபொருள் வேண்டும்.
அது தீர்ந்த உடம்பில்
பிடித்த பிடி பிடித்தபடி.

(கீழே, பிண அறையில், மடங்கிய ஒரு விரலை
நிமிர்த்திப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.)

ஒரு கிலோ மணல் பை.
மடக்குகிறான். நடுங்குகிறது.
கூப்பிட்ட குரலுக்கு
எல்லா நார்க் கூட்டமும் இன்னும் வரவில்லை.
நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வந்து
விழாமல் நிற்கிறது.
தோளைத் தொட்டது பை.

"காணும், விடுங்கோ."

விடவில்லை அவன்.

"ஏத்துறதெண்டால் ஆரும் ஏத்துவினம் மிஸ்.
சத்தம் கேளாமல் இறக்கோணும்.
சாக்கு வெடிச்சால்
கூலியிலை கழிப்பாங்கள்."

அங்குலம் அங்குலமாய்
நீண்டுகொண்டே பிடித்திருக்கிறது தசை.
இதற்கொரு பெயர் உண்டு.
பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன்.
ஒரு பக்கமும் சாயாமல், தோற்காமல்,
பாரத்துக்கு வழிவிட்டுக்கொண்டே
பாரத்தைத் தாங்குகிற இந்த வேலையை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மேசையைப் பை தொட்டது
ஃபேன் சத்தத்தில் கேட்கவே இல்லை.

"நாளைக்கு நோகும்."

"தூக்கினதுக்கோ?"

"இல்லை. இறக்கினதுக்கு."

"அது தெரியும்" என்றான்,
சட்டைப் பொத்தானை
அந்தக் கையாலேயே பூட்டிப் பார்த்தபடி.
மூன்றாவது பொத்தானில்
கொஞ்ச நேரம் நின்றான்.