ஏறக்குறையப் பொருந்துகிறது

இதுவரை வங்கி எண்ணை மட்டும்தான் பார்த்தது.
எல்டி என்று தொடங்கும் இருபது எழுத்தும் சரியாக இருந்தால்
பெயர்க் கட்டத்தில் 'மீன் வாளி' என்று எழுதியிருந்தாலும்
பணம் போய்ச் சேர்ந்துவிடும்.
அக்டோபரிலிருந்து அப்படி இல்லை.
பணம் பெயரும் முன்
பெயரைக் கேட்கும்.

கிளைபெடா துறைமுகத்தின் முதுகுப்பக்கம்
மீனுக்குப் புகை போடும் கம்பெனி.
மாடியில் கணக்குப் பிரிவு:
நானும் ஒரு ஹீட்டரும்
முந்நூற்றுப் பதினெட்டு வரிசைகளும்.
புகை படியேறி வந்து
ரசீதுகளையும் பதப்படுத்திவிட்டுப் போகும்.

எங்கள் எழுத்துகளின் தலையில் உட்காரும்
புள்ளியும் கொக்கியும் பழைய மென்பொருளுக்கு ஆகாது.
அவை இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி.
லாரிக்காரர் ஜெமைதிஸ்
பன்னிரண்டு வருடம் எங்களிடம்
முதல் எழுத்தே சந்தேகமான மனிதராக வாழ்ந்திருக்கிறார்.
கொக்கியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பச்சை.

பெட்டி தரும் கம்பெனியின் பலகையில் 'வடக்குக் காற்று'.
பதிவேட்டில் 'கே-11 பேக்கேஜிங்'.
இத்தனை நாளும் காற்றுக்குத்தான்
பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

விறகு அந்தானஸ் பொருந்தவே இல்லை.
போன் செய்தேன். பின்னால் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.
"என் பெயரில் இருந்தால் ஜப்திக்காரன் வழித்துவிடுவான்,
கணக்கு மாமியார் பெயரில்" என்றார், கூச்சமே இல்லாமல்.
அப்படியானால் பில்லும்
மாமியார் பெயரிலேயே வரட்டும் என்றேன்.
ரம்பம் நின்றது.

முதலாளி கிந்தௌதஸ் போன குளிர்காலத்தில்
ஒரே ஒரு மின்னஞ்சலை நம்பி,
'எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு',
பத்தொன்பதாயிரம் யூரோவை
சால்மன் விற்காத யாருக்கோ அனுப்பினார்.
அதன்பிறகு மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.
மொத்தமாக அனுப்பும்போது சோதனை வேண்டாம் என்று
ஒரு டிக் போட்டுக்கொள்ளலாமாம்.
அதற்காக மட்டும் படியேறி வந்தார்.
"போடாதே" என்று சொல்லிவிட்டு
ஹீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வலை பார்க்கும் ஸ்தாசிஸ்:
முழுப் பொருத்தம். புள்ளி பிசகவில்லை.
முந்நூற்றுப் பதினெட்டில் இப்படித் தானாகப் பச்சையானது
முப்பதுகூட இருக்காது.
மே மாதமே அவரைப் புதைத்துவிட்டார்கள் என்று
கீழே ஐஸ் அறையில் எல்லோருக்கும் தெரியும்.
வங்கிக்கு யாரும் சொல்லவில்லை.
நான் பச்சையை அழித்துவிட்டு
அவர் மகளின் எண்ணைத் தேடினேன்.

இருட்டு நாலரைக்கே வந்துவிட்டது.
சம்பளப் பட்டியல் மட்டும் பாக்கி.
ஐஸ் அறை, வெட்டுமேசை, இரவுக் காவல்,
கடைசியில் கணக்குப் பிரிவு.

ஸ்கைஸ்தே துருங்கிலே.
மஞ்சள்.
ஏறக்குறையப் பொருந்துகிறது, என்றது திரை.
நீங்கள் குறிப்பிடுவது
ஸ்கைஸ்தே துருங்கிலியெனே-வையா?

எங்கள் ஊரில் பெண்ணின் பெயருக்கு வால் உண்டு.
ஒரு வால் இவள் இன்னாரின் மகள் என்கும்,
இன்னொன்று இன்னாரின் மனைவி என்கும்.
யாருக்கும் எதுவும் சொல்லாத குட்டை வாலும் ஒன்று உண்டு.
விவாகரத்துக்குப் பிறகு,
மகனுக்கும் எனக்கும் ஒரே பெயர் இருக்கட்டும் என்று
தண்டை விட்டுவிட்டு
நடுவிலிருந்த மூன்றெழுத்தை மட்டும்
பதிவு அலுவலகத்தில் வெட்டிக்கொண்டேன்.
பாஸ்போர்ட் மாறியது. கதவு மணிப் பலகை மாறியது.
வங்கிக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று
ஆறு வருடம்.

ஊரார் பெயரையெல்லாம் நேர் செய்தவள்
என் வரிசையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
'இந்தப் பெயரை ஏற்கவா?'
காலையிலிருந்து இதே பொத்தானை
நாற்பது பேருக்கு யோசிக்காமல் அழுத்தியிருக்கிறேன்.

ஐந்தாம் தேதி சம்பளம்.
ஆறாம் தேதி வாடகை.
அழுத்தினேன்.
மூன்றெழுத்தும் வந்து
பழைய இடத்தில் உட்கார்ந்தன.

'இந்த ஒரு மாதத்துக்கு மட்டும்' என்று
குறிப்புக் கட்டத்தில் எழுதி வைத்தேன்.
குறிப்புக் கட்டம் வங்கிக்குப் போகாது.