நாலாவது ஓரம்

கல்லிடைக்குறிச்சியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை.
ஒரு மிஷின், ஒரு பெஞ்சு,
மேஜைக்கடியில் உரச்சாக்கு நிறைய வெட்டுத்துணி.
நீலக்கட்டம், பள்ளிக்கூடத்தில் யூனிபார்ம் மாற்றியதற்கு முந்தியது.
ஊதா, டாக்டர் வீட்டம்மா மூன்று தடவை திருப்பியனுப்பிய
ஜாக்கெட்டின் கைமிச்சம்.
பிஸ்கட் நிறம்,
அளவு கொடுத்துவிட்டுப் போனவர் சட்டை வாங்க வரவே இல்லை.

ஊத்து எஸ்டேட்டில் என் தங்கச்சி முப்பிடாதி.
மார்கழியில் பேசினால்
போனுக்குள் பல் அடித்துக்கொள்வது கேட்கும்.
"ரெண்டு சாக்கப் போத்திக்கிட்டுக் கெடக்கேண்ணே, சிரிக்காத."
சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

மேலே ஒட்டுத்துணி,
கீழே நைந்த வேட்டி இரண்டு மடிப்பு,
நடுவே கம்பெனி கொடுத்த கம்பளி;
அவள்தான் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தாள்,
ஒரு மூலையில் அட்டை கடித்த ரத்தக்கறையோடு.
அந்தக் கனத்துக்கு மிஷின் ஊசி இரண்டு ஒடிந்தது.
சரி, கை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
சாக்பீஸ் கோடு, மெழுகில் இழுத்த நூல்,
நெல் நீளத்துக்கு ஒரு தையல்,
நெல் நீளத்துக்கு ஒரு சும்மா.
நேராகத்தான் போகிறேன் என்று நினைப்பேன்.
காலையில் விரித்தால்
மாஞ்சோலை ரோடு மாதிரி வளைந்து கிடக்கும்.

நாலு மாசம்.
மூன்று ஓரம் மடித்து அடித்தாயிற்று.
நாலாவதில் ஊசியைக் குத்தி வைத்த அன்று
போன் வந்தது.
"எறங்குதோம்ண்ணே. வீட்டுச் சாவியக் குடுத்தாச்சு."

கீழே அவளுக்குக் கிடைத்தது தகரம் போட்ட வாடகை வீடு.
அதுவும் சித்திரை.
காத்தாடியைப் போட்டால் சூட்டைத்தான் கலக்கும்,
பானைக்குள் அகப்பை மாதிரி.
இதைக் கொண்டுபோய் அங்கே என்ன செய்வாள்?
தையற்காரன் புத்தி, பிளேடை எடுத்தேன்.
கம்பளியை உருவிவிட்டால்
மிச்சம் ஒரு விரிப்பாவது ஆகும்.

நாலு வரிசை பிரித்திருப்பேன்.
நூல் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது.
நூல் போன இடத்தில் துளைகள்,
எங்கும் போகாத எறும்புச் சாரை.

அந்த நேரம் பார்த்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்,
ரேஷன் கார்டில் முகவரி மாற்ற
அம்பை தாலுகா ஆபீசில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு.
என்னைப் பார்த்தாள். பிளேடைப் பார்த்தாள்.
"கூறு இருக்காண்ணே ஒனக்கு? யாரு பிரிக்கச் சொன்னா?"

ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தாள்,
இருபத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளிக்
கறுத்துப்போன விரல் நுனி.
பழைய துளைகளிலேயே ஊசியை இறக்கினாள்.
ஒன்றைத் தவறவிடவில்லை,
என் கோணல்களையும் சேர்த்து.

நான் நாலாவது ஓரத்தைப் பிடித்தேன்.
கரண்ட் போய்விட்டது.
இரண்டு பேர் மடியிலும் கம்பளிக் கனம்,
வேர்வை சொட்டி ஊதாவில் ஒரு வட்டம்.
பிளவுஸ் கேட்டு வந்த பெண்ணிடம் நாளைக்கு என்றேன்.
அவள் போகாமல் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்,
"இந்த வெயில்லயா?" என்றாள்.
நாங்கள் இருவரும் நிமிரவில்லை.

கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தாள் முப்பிடாதி.
நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்,
கக்கத்தில் அடங்கவில்லை.
கொழுந்து மூட்டை மாதிரித் தலையில் ஏற்றிக்
கையை விட்டாள்.
நின்றது.

மாஞ்சோலை பஸ் வந்தது, முக்கால்வாசி காலி.
கண்டக்டர் பழக்கத்தில் ஜன்னல் வழியாகக் கேட்டார்:
"மேலுக்குப் பார்சல் உண்டுமா?"
நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:
"இல்ல அண்ணாச்சி. இது எறங்கிட்டு."