நாற்பத்தொன்பதே முக்கால்

ஐம்பது ஜிபியைத் தொட்டால்
அந்தக் கோப்பு வாயைக் கட்டிக்கொள்ளும்.
அப்புறம் ஒரு வரியும் உள்ளே போகாது.
லியெபாயா துறைமுகத்து மர ஏற்றுமதி அலுவலகத்தில்
கணக்கர் குன்வால்டிஸின் அஞ்சல் பெட்டகம்
நாற்பத்தொன்பதே முக்காலில் நிற்கிறதென்று
திங்கள் காலை அழைத்தார்கள்.

பனிக்காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்தேன்.
காற்று பிறக்கும் ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெயர்.
பிறந்த வீட்டில் அது அடங்கியதே இல்லை.
ஜன்னலடியில் தரை நனைந்திருந்தது.

"எதையும் அழித்துவிடாதே, விஸ்மா."
பத்தொன்பது வருடம்.
பிர்ச் எத்தனை கனமீட்டர், பைன் எத்தனை,
ஈரம் எத்தனை விழுக்காடு,
எந்தக் கப்பல் எத்தனை நாள் வெளியே காத்துக் கிடந்தது,
எல்லாம் இதற்குள் என்றார்
திரையின் விளிம்பைத் தடவியபடி.

பெரியது முதலில் என்று வரிசைப்படுத்தினேன்.
பட்டை உரிந்த கட்டைகளின் படங்கள்,
முத்திரை குத்திய ரசீதுகள். சரி, இருக்கட்டும்.
அதற்குப் பிறகு வந்தது அந்த இலை.
ஒவ்வொரு கடிதத்தின் காலடியிலும்
நிறுவனத்தின் பச்சை ஓக் இலை,
இருநூற்று நாற்பது கேபி.
பதிலுக்குப் பதில் எழுதும்போதெல்லாம்
இலைமேல் இலை.
எண்ணிப் பார்த்தேன்: அறுபதாயிரம்.
மனிதர்கள் எழுதிய சொல்லெல்லாம் சேர்ந்து
மூன்று ஜிபி தேறவில்லை.
சுமையைவிடச் சும்மாடு கனத்த கதை.

இலைகளைக் கழித்தேன்.
எண் அசையவில்லை.

"வெள்ளிக்கிழமை எனக்கும் இப்படித்தான்" என்றார்
மெல்ல, மேசையைப் பார்த்து.
"ஆயிரத்து நூறு அழித்தேன். இம்மியும் இறங்கவில்லை."

அழித்தது போய்விடும்,
அது இருந்த இடம் போகாது என்றேன்.
வெற்றிடத்தையும் சேர்த்து நிறுக்கும் தராசு இது.
சுருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.
சொல்லும் வரை
உள்ளே இருட்டில் எல்லாம் கிடக்கும்.

"கிடக்குமா?"

பழுதுபார்க்கும் கருவியை ஓட விட்டேன்.
ஒன்றொன்றாக எழுந்து வந்தன.
அவர் அவருக்கே அனுப்பிக்கொண்டவை,
மாலை நாலே முக்காலுக்கு:
ஜன்னலை மூடு.
ஜன்னல்.
மறுபடியும் ஜன்னல், மடையா.
இலை இல்லாத கடிதங்கள் அவை மட்டும்தான்.
எல்லாம் கூட்டினால் நாலு எம்பி.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
அதைத்தான் மனிதர் தியாகம் செய்திருக்கிறார்,
செய்த அன்றே மறந்தும் போயிருக்கிறார்;
சனி, ஞாயிறு இரண்டு நாளும்
பனி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

அவற்றைத் தனிக் கோப்பில் வைத்தேன்.
பெயர் அவரே தட்டினார்: பலவகை.

பிறகு சுருக்கு என்றேன்.
நீலக் கோடு ஊர்ந்தது.
நாங்கள் சூப் குடித்தோம், கம்பு ரொட்டி தின்றோம்,
அவருடைய முழங்காலைப் பற்றிப் பேசினோம்,
கோடு அப்போதும் பாதிதான்.
இருட்டிய பின் நின்றது:
முப்பத்தைந்தே கால்.

போகும் முன் விளம்பரப் பிரிவின் ஆய்காவுக்கு எழுதினேன்:
இலையைக் கொஞ்சம் சிறிதாக்க முடியுமா?
மாடிப்படி இறங்குவதற்குள் பதில் வந்தது.
நரம்பு தெரியாமல் போய்விடுமாம்.
முடியாது.
கீழே, பச்சையாக,
இருநூற்று நாற்பது கேபி.