சிந்தியதை அள்ளுகிறவர்கள்

கார்வேட்டிநகரத்து வெல்லம் லாரியிலிருந்து இறங்கும்போது
மூட்டைக்கு ஒரு பிடியாவது சிந்தும்.
பள்ளிப்பட்டு மண்டியில் என் வேலை அதுதான்:
சிந்தியதை அள்ளி
மறுபடி மூட்டைக்குள் போடுவது.
மண் ஊதி, எறும்பு தட்டி,
நாயுடு பார்க்கும் முன்.

போன தையில் மோதிரம் கழலவில்லை.
சோப்பு போட்டும் வரவில்லை, பத்தர் வெட்டி எடுத்தார்.
எட்டாம் நம்பர் செருப்பு ஒன்பதாகி, பத்தாகி,
இப்போது நகரியில் சொல்லிவைத்து வாங்குகிறேன்.
நாற்பத்து நாலு வயசில் வளருகிற ஆம்பளை
நீ ஒருத்தன்தான் என்றாள் தனக்கோட்டி.

திருப்பதியில் படம் எடுத்தார்கள்.
தலைக்குள் ஒரு சுரப்பி,
அதில் துவரம்பருப்பு அளவுக்குக் கட்டி.
வளரச் சொல்லும் ஹார்மோனை
நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறதாம்.
கை கேட்டது, தாடை கேட்டது,
சிறுநீரகமும் கேட்டது.

டாக்டரம்மா தெலுங்கில்தான் பேசினார்:
கிட்னி பெரிகிந்தி, சுகர் பெருகுதோந்தி.
தனக்கோட்டி சோளிங்கர்க்காரி,
பெருகு என்றால் தயிர் என்று மட்டும் தெரியும்.
வீட்டுக்கு வந்ததும் தயிரை நிறுத்திவிட்டாள்.
ஒரு வாரம் ரசத்தோடு எழுந்தேன்.

அப்புறம் லேப் பையன் தமிழில் சொன்னான்:
ரத்தத்துச் சர்க்கரை அங்கே போனதும்
முதலில் கீழே சிந்திவிடும்.
உள்ளே வரிசையாக ஆட்கள்,
அள்ளி அள்ளி ரத்தத்துக்கே திருப்பித் தருவார்கள்.
நூற்றெண்பது வரை ஒரு பொட்டு விடமாட்டார்கள்.
அதற்கு மேல் கை தாங்காது, போகட்டும் என்று விடுவார்கள்.
உங்களுக்கு ஆளும் கூடிப்போச்சு, கையும் பெருத்துப்போச்சு.
ரத்தத்தில் இருநூற்று இருபது,
மூத்திரத்தில் பேருக்குத்தான்.

நான் என் கையைப் பார்த்தேன்.

அவர்கள் பேரில் கோபம் வரவில்லை.
ஏதோ பஞ்சத்தில் பழகிய வேலை,
மூட்டை வெடிக்கிற அளவுக்கு நிரம்பியதை
யார் போய் அவர்களிடம் சொல்வது?

கட்டிக்கு ஆடி கழிந்து ஆபரேஷன், மூக்கு வழியாக.
அதுவரைக்கும் காலையில் ஒரு மாத்திரை.
உள்ளே போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளுமாம்:
விடு,
சிந்தியது சிந்தியதாகவே போகட்டும்.

நாலாம் நாள் விடியலில்
தென்னைக்கு அடியில், ராத்திரி நான் ஒதுங்கிய இடத்தில்,
கட்டெறும்புச் சாரை.
இருபத்திரண்டு வருஷம்
எறும்பு தட்டிச் சம்பளம் வாங்கியவன்
குந்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
உள்ளேயிருந்து தனக்கோட்டி,
கூழுக்குத் தயிர் ஊற்றட்டுமா என்றாள்.