பதினொன்று

ஐப்பசியில் வானத்தை நம்பி
ஈத்தாமொழியில் யாரும் கொப்பரை போடமாட்டார்கள்.
நான் போட்டேன்.
ஆயிரத்து இருநூறு காய்,
உடைத்து மலர்த்தித் தார்ப்பாயில் வைத்ததும்
அண்ணாந்து கிடந்தன வெள்ளை வெள்ளையாய்.

முதல் நாள் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.
பருப்பு சிரட்டையைவிட்டு
இமை கனத்துக்கு விலகியிருந்தது.
இரண்டாம் நாள், மூன்று மணி,
வேளிமலைப் பக்கமிருந்து கறுப்பு இறங்கியது.
நான் தார்ப்பாயின் நாலு மூலையையும் பிடிப்பதற்குள்
ஐந்தாவது மூலை ஒன்றைக் கண்டுபிடித்து
உள்ளே வந்துவிட்டது.

பிறகு மூன்று நாள் சவத்து மழை.
கட்டிலுக்கடியில் கொப்பரை, தையல் மெஷினுக்கடியில் கொப்பரை,
ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு
கரண்ட் பில்லை நினைக்காமல் இருந்து பார்த்தேன்.
முதலில் வழுவழுப்பு.
அடுத்த நாள் பச்சை.
அதற்கடுத்த நாள் பச்சையின்மேல் சாம்பல் பூ.
பழந்துணியால் துடைத்தேன். நிறம்தான் துணிக்கு வந்தது.

தொண்டு எரித்துப் புகையில் காட்டியிருக்கலாம்.
எண்ணெயில் அடுப்பு மணக்கும், விலையும் இறங்கும்.
கந்தகம் போடு, வெளுத்துவிடும் என்றாள் ஜாஸ்பின் ஷீலா.
தின்கிற பண்டத்திலா என்று அவளிடம் பெரிதாகப் பேசினேன்.
திங்கட்கிழமை சீட்டுத் தவணை.

திங்கள்சந்தை மில்லில் மரியசிலுவை
இரண்டு ஊசி உள்ள மீட்டரைப் பருப்பில் குத்தினார்.
பதினொன்று.
ஆறு வேணும், என்றார்.
நான் தராசைப் பார்த்தேன்.
அவர் என் பச்சைத் துணியைப் பார்த்தார்.
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்து
நூற்றெண்பது கிலோ எழுதினார்.
அதில் ஒன்பதரை கிலோ மழை.
மழையை நான் விற்றேன்,
மழையென்று தெரிந்தே அவர் வாங்கினார்,
காங்கேயத்துக் காய்ந்த சரக்கோடு கலந்தால்
யாருக்குத் தெரியும்.

டிசம்பர் பதினெட்டு.
கோயில் பெண்கள் சங்கத்தில்
முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடித்து முந்நூறு வைத்திருந்தோம்.
டின்னைத் திறந்தார்கள்.
அந்த மில்லின் பெயர்தான் ஒட்டியிருந்தது.
நனைந்த கயிறு, பூட்டிவைத்த பீரோ,
கொஞ்சம் சோப்பு.
எனக்கு மட்டும் அது என் கட்டிலடியின் மணம்.

முதல் உருண்டை விழுந்ததும்
நுரை பால்போலப் பொங்கி விளிம்பைத் தாண்டி
அடுப்பில் வழிந்தது.
எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்.
லில்லிபுஷ்பம் நாக்கில் தொட்டு
"சிக்கெண்ணெய்" என்று காறினாள்.
மில்காரனைத் திட்டினார்கள், அவன் அப்பனையும்.
பருப்பில் நின்றுபோன தண்ணீர்
எண்ணெயை மூட்டு மூட்டாகக் கழற்றிவிடும்,
கழன்றது தொண்டையில் கரகரக்கும்.
இதைச் சொல்லலாமென்று வாயெடுத்து,
"அதில ஒன்பதரை கிலோ மழை என்னுடையது" என்றேன்.
சிரித்தார்கள்.
லில்லிபுஷ்பம் கரண்டியை என் கையில் தந்துவிட்டு
வேறு எண்ணெய் வாங்கப் போனாள்.

தை மாதம் மறுபடி போட்டேன்.
மொட்டைமாடியில், ஏழு வெயில்,
காக்காய்க்குப் பழைய மீன்வலை கட்டி.
எட்டாம் நாள் ஒரு துண்டை ஒடித்தேன்.
வளையவில்லை.
படக்கென்று ஒடிந்த சத்தத்துக்குக்
கீழே நின்ற நாய் தலை தூக்கியது.

மரியசிலுவை குத்தினார்.
ஏழு.
"ஏழு போதும், இறக்கு" என்றார்.
மணி பதினொன்றரை, வெளியே
தார் ரோட்டில் வெயில் நடுங்கிக்கொண்டிருந்தது.
மூட்டைகளைத் திருப்பி ஏற்றச் சொன்னேன்.
ஆட்டோக்காரன் எபிராஜ்
இருநூற்றைம்பது கூடுதலாக வாங்கிக்கொண்டான்,
கிறுக்கு என்று சொன்னதற்கு
காசு கேட்கவில்லை.