காற்றைக் கழித்தால்

எங்கள் ஊரில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது.
எண்தான். பதினான்காம் வட்டாரம், இருபதாம் கட்டடம்.
அக்போத்தா தன் முதல் படத்துக்கும்
பெயர் வைக்காமலே ஆரம்பித்தாள்.
முடிந்த பிறகு அதுவே சொல்லும் என்றாள்.
முடியுமா என்று நான் கேட்கவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்திமூன்று.
சனிக்கிழமைகளில் கல்யாண வீடியோ.
முந்நூறு விருந்தாளிகளில் ஒரு முகம் விட்டுப்போனாலும்
பெண்ணின் பெரியம்மா சண்டைக்கு வருவாள்.
அந்தக் காசில் வாங்கியது கேமரா.
லென்ஸ் ஒன்றுதான், அதிலும் ஓரத்தில் கீறல்.
கீறல் விழும் பக்கம் எப்போதும்
வானத்தை வைப்பாள். அக்தாவ் வானத்தில்
யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

நான் ஒலி.
பகலில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை.
மாலையில் தரை துடைக்கும் கம்பின் நுனியில்
மைக்கைக் கட்டிக்கொண்டு
காஸ்பியன் காற்றுக்கு எதிரே நிற்பேன்.
கதவைத் திறந்தால்
கதவையே கொண்டுபோகிற காற்று.
மைக்குக்கு ஒரு சட்டை வேண்டும் என்றாள்.
அம்மாவின் நரித்தோல் தொப்பியை அறுத்துத் தந்தேன்.
ஆகஸ்ட் மாதம். டிசம்பர் வரைக்கும்
வீட்டில் யாருக்கும் தெரியாது.

கதாநாயகன் எர்மெக், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
முப்பது மீட்டர் உயரத்தில் தனியாக
பத்து மணி நேரம் உட்காருகிறவன்
மேலே என்ன செய்கிறான்?
அதுதான் படம். ஒன்பது நிமிடம்.
சாப்பிடுகிறான்.
மனைவியிடம் சொல்ல வேண்டிய ஒன்றை
ஒத்திகை பார்க்கிறான்.
சொல்லாமலே வீட்டுக்கு நடக்கிறான்.
ஏணியில் அக்போத்தாவுக்குக் கால் நடுங்கியது,
கேமராவை நடுங்க விடவில்லை.

காவலாளிக்குக் கொடுத்த சிகரெட்
மூன்று நாள்தான் தாங்கியது.
நான்காம் நாள் அதிகாரி துரத்திவிட்டார்.
மீதியை எங்கள் மொட்டைமாடியில் எடுத்தோம்.
பழைய ஜன்னல் சட்டம் ஒன்றை
நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க,
அதுவே கிரேன் அறை.
இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.
கண்டுபிடிக்க யார் பார்த்தார்கள்?

பதினேழு விழாக்களுக்கு அனுப்பினாள்.
நுழைவுக் கட்டணத்துக்கே
இரண்டு கல்யாணத்துக் காசு போயிற்று.
பதினாறு இடத்திலிருந்து வருத்தம் வந்தது.
ஒன்று கூப்பிட்டது: அல்மாட்டி,
மார்ச், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.
ரயிலில் மூன்று பேரும் இரண்டு நாளுக்கு மேல்.
இஸ்திரி கலையக் கூடாதென்று
எர்மெக் பாதி வழி நின்றுகொண்டே வந்தான்.

அரங்கில் பதினொரு பேர்.
எங்களைக் கழித்தால் எட்டு.
குளிருக்கு ஒதுங்கியவர்களைக் கழித்தால்
என்று தொடங்கி, எண்ணுவதை விட்டுவிட்டாள்.
நான் திரையைப் பார்க்கவில்லை.
நரித்தோலையும் மீறி
ஒவ்வொரு வசனத்துக்கும் அடியில்
காற்று கிடந்து புரண்டுகொண்டிருந்தது.
அதற்கு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

விளக்கு வந்ததும் எர்மெக் சொன்னான்:
'என் காது இவ்வளவு பெரிசா?'

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்,
மடியில் காய்கறிப் பை.
'கடைசியில் மனைவியிடம் சொன்னானா, இல்லையா?'
அக்போத்தா ஒலிபெருக்கியை வாங்குவதற்குள்
எர்மெக் பதில் சொன்னான்:
'இன்னும் இல்லை.'

அதுவரை
அது அவள் எழுதிய கதை என்றுதான்
நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

ஊர் திரும்பிய சனிக்கிழமை மறுபடி கல்யாணம்.
எல்லோரும் ஆடும்போது
தட்டெடுக்கிற பையன் ஒருவன்
தூணுக்குப் பின்னால் போய்
மேசைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்தான்.
வியர்வையா வேறெதுவுமா, தெரியவில்லை.
நாற்பது விநாடி அவனை விட்டுக் கேமரா நகரவில்லை.
'யார் இவன்? வெட்டு' என்றாள் பெரியம்மா.
வெட்டினாள்.
வெட்டியதை எறியவில்லை.

அன்றிரவு பதினொன்றே முக்காலுக்குப் போன்.
'அந்தத் தொப்பியில் ஏதாவது மிச்சம் இருக்கா?'

அம்மாவிடம் இப்போது இருப்பது முயல்தோல்.
அலமாரிக்குப் பூட்டும் போட்டிருக்கிறாள்.